சல்லடையில் விழுகிற கை

போடிநாயக்கனூர்
14.7.2024

அன்புள்ள ஷெர்லினுக்கு,

மதினி எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணனுக்கு மட்டும் மழைக்காற்று தொடங்கியதும் முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது.

பால்சாமி ஜீப்பில் அரிசி, நல்லெண்ணெய், கருவாட்டுப் பொட்டலம் மூன்றும் வருகின்றன. அவரை நிறுத்தி எண்ணி வாங்கிக்கொள். போன தடவை கருவாடு கொண்டை ஊசி வளைவில் விழுந்துவிட்டது என்றார். அரிசி மூட்டை விழாமல் கருவாடு மட்டும் எப்படி விழும்?

ஜோயலின் கிட்டாரில் பூசணம் பிடிக்கிறது என்று எழுதியிருந்தாய். ஓசூருக்கு வேலைக்குப் போகும்போது இதை யாருக்கும் கொடுக்காதே என்று அவன் சொல்லவில்லைதான். சொல்லாததும் பெற்றவளுக்குத் தெரியும். உங்கள் எஸ்டேட் சபையில் கிறிஸ்துமஸ் கீதப் பவனிக்கு வாசிக்க ஆளில்லை, நான் படித்து வாசிக்கிறேன் என்று நீ கேட்டதால்தான் கொடுத்து அனுப்பினேன்.

மலை ஈரத்தில் மரச்சாமான் தாங்காது. ஏலக்காயைக் காப்பாற்றுவது எதுவோ, அதுதான் இதையும் காப்பாற்றும். உலர்த்துகிற ஸ்டோர் சாம்சன் தம்பி பொறுப்பில்தானே இருக்கிறது? காய் போட்டுச் சூடு ஏற்றத் தொடங்கியதும், அந்த அறைச் சுவரில் ஓர் ஆணி அடித்துக் கிட்டாரை மாட்டிவிடு. வாசிக்க எடு, வாசித்ததும் அங்கேயே மாட்டு. இருபத்தைந்து வருடம் ஏலக்காய் வியாபாரியின் வீட்டில் குப்பை கொட்டியவள் சொல்கிறேன். ஜெபித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் மதினி
ஜெயபாக்கியம்

* * *

எஸ்டேட்டிலிருந்து
11.8.2024

மதினிக்கு,

கருவாடு இந்தத் தடவை விழவில்லை. பால்சாமி அண்ணன், "ஒங்க மதினி என் பேரை எந்தக் கோர்ட்டுல குடுத்திருக்காங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சிக்னல் கிடைக்கிற வளைவுக்கு ஏறிப்போய்ப் போனில் பேசக்கூடாதா என்று அண்ணன் கேட்டாராம். போன் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' போடுவேன். காகிதத்தில்தான் எனக்கும் முறை வரும்.

நீங்கள் சொன்னபடியே ஸ்டோரில் மாட்டினோம். பூசணம் போன இடம் தெரியவில்லை. இப்போது கிட்டாரைத் தொட்டாலே ஏலக்காய் வாசம். பக்கத்து லயத்து வரிசைவீட்டு ஜக்கம்மாள் மோந்து பார்த்து, "கொள்ளாம், இதை அப்படியே பாயசத்துல போடலாம்" என்றாள். அவள் மாரியம்மன் கோவிலுக்கும் போவாள், நம் சபைக்கும் வருவாள். இரண்டு இடத்திலும் முதல் வரிசையில் உட்காருவாள்.

ஆனால் ஒரு கஷ்டம் மதினி. ஜூன் மாதம் எனக்கு மூன்று கார்டு, அதாவது மூன்று சுரக்கூட்டு, வந்தது. இப்போது அந்த மூன்றும் வருவதில்லை. கம்பியை அழுத்த அழுத்த விரல் நுனியில் பள்ளம் விழுகிறதே தவிர, சத்தம் தகரத்தில் தட்டின மாதிரிதான் வருகிறது. எஃப் கார்டுக்குச் சுட்டுவிரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்க வைக்க வேண்டும். என் விரல் படுக்கிறது, கம்பி படுக்க மாட்டேன் என்கிறது. சபையில் முன்னே வாசித்துக்கொண்டிருந்த விஜயகுமார் திருப்பூருக்குப் போய்விட்டான். அவன் கை முறம் மாதிரி. கட்டைவிரலை மேல் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்துகூட ஒரு கம்பியை அழுத்துவான். நானும் அப்படிச் செய்து பார்த்து மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம்.

என் கை சின்னதா மதினி? ஒரு தாளில் கையை வைத்து வரைந்து அனுப்பியிருக்கிறேன். ஜோயல் வாசிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள். பார்த்துச் சொல்லுங்கள். இங்கே பதினைந்து வருடமாக என் பேர் 'சாம்சன் வீட்டம்மா'. இந்தச் சபையில் என் பேரைச் சொல்லி ஒரு வேலையை என்னிடம் கொடுத்தது இதுதான் முதல் தடவை. விட மனசில்லை.

ஷெர்லின்

* * *

போடிநாயக்கனூர்
18.8.2024

அன்புள்ள ஷெர்லினுக்கு,

உன் கைப் படம் கிடைத்தது. மேசையில் விரித்து வைத்து, ஜோயல் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த ஸ்கேலால் அளந்தேன். மனதில் பட்டதைச் சொல்கிறேன், வருத்தப்படாதே. சின்னக் கைதான். நடுவிரல் கூட நீளமில்லை. ஜோயலுக்குப் பிறந்தபோதே நீள விரல். நர்ஸம்மா அப்போதே சொன்னார்கள். போனில் ஒருவர் கிட்டாரைப் பற்றிப் பேசியதையும் பார்த்தேன். கை பெரிதாக இருந்தால் எட்டுவது சுலபம் என்கிறார். அதற்கப்புறமும் ஏதோ பேசினார். அடுப்பில் பால் வைத்திருந்ததால் மீதியைக் கேட்கவில்லை.

ஆண்டவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றை அளந்து கொடுத்திருக்கிறார். உனக்கு நல்ல குரல் இருக்கிறது. பாடு, போதும். வாசிப்பதற்குக் கீழே இருந்து யாரையாவது அனுப்பச் சொல்லிப் பாஸ்டரிடம் பேசலாம். நீ விரலைப் புண்ணாக்கிக்கொள்வதை உன் அண்ணன் கேள்விப்பட்டால் என்னைத்தான் திட்டுவார்.

அடுத்த மாதம் அறுப்பின் பண்டிகைக்கு இங்கே வருவாய் அல்லவா? நேரில் பார்த்துவிடுவோம்.

மதினி

* * *

எஸ்டேட்டிலிருந்து
29.9.2024

மதினிக்கு,

கிட்டார் பால்சாமி அண்ணன் ஜீப்பில் வருகிறது. சாக்கு சுற்றி, கயிறு கட்டி, ஒரே உருப்படி. எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.

பண்டிகையன்று சபை மாதர் சங்கத்துப் பெண்கள் எல்லாம் காய்கறிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அறுவடைப் பாட்டுக்கு ஷெர்லின் கிட்டார் வாசிப்பாளா என்று யாரோ கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் நீங்கள் என் கையைப் பிடித்துத் தூக்கினீர்கள். ஏலத்துக்கு வந்த சாம்பிள் காயைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி. "இந்தக் கையா? ஏழாம் நம்பர் சல்லடையிலயே விழுந்துரும். இதை வச்சுக்கிட்டு எட்டாம் நம்பர் சோலிக்கு ஆசைப்படுறா" என்றீர்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் தினமும் சல்லடை பிடித்து, ஏழில் விழுகிற பொடிக்காயையும் எட்டில் தங்குகிற பெரிய காயையும் பிரிக்கிறவர்கள். எல்லோருக்கும் உடனே புரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

நீங்கள் பொய் சொல்லியிருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போயிருப்பேன். உண்மையாக இருக்குமோ என்றுதான் வீட்டுக்கு வந்து ராத்திரியெல்லாம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசிக்கவில்லை என்று பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. நவம்பர் வரை பார்ப்போம் என்றார். நான் எதையும் பார்க்கப் போவதில்லை.

இனிமேல் சாமான் அனுப்பினால் அதில் சீட்டு வைக்க வேண்டாம்.

ஷெர்லின்

* * *

போடிநாயக்கனூர்
20.10.2024

ஷெர்லின்,

சீட்டு வைக்க வேண்டாம் என்று சொன்ன பிறகும் வைக்கிறேன். படிக்காவிட்டாலும் பரவாயில்லை, கிட்டாரை மட்டும் திருப்பி அனுப்பிவிடாதே.

தேனியில் ராம்பிரசாத் என்று ஒரு தம்பி, கிட்டார், கீபோர்டு எல்லாம் ரிப்பேர் பார்க்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, கம்பி மாற்றி வாங்கி வந்தேன். சின்னச் சின்னக் கோளாறு இருந்தது என்றார், சரிசெய்துவிட்டார். அவர் என்னென்னவோ கேட்டார். நானும் ஏதோ சொன்னேன்.

கட்டைவிரலை மேலே கொண்டுவரக் கூடாதாம். கிட்டாரின் கழுத்துக்குப் பின்னால், நடுவில் ஊன்ற வேண்டுமாம். அப்போது மற்ற விரல்கள் தானாக நீளுமாம். மடியில் படுக்க வைக்காமல் கழுத்தை லேசாக மேலே தூக்கிப் பிடி.

ஸ்டோரில் மாட்டாதே. வேறு ஒன்றுமில்லை, அங்கே ஆள் நடமாட்டம் அதிகம். வீட்டுக்குள்ளேயே பையில் போட்டு வை. ஈரம் வந்தால் துணியால் துடை, போதும்.

சங்கத்தில் நான் பேசியது தப்பு. அது தப்பு என்று எழுதிவிட்டேன். இன்னும் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

மதினி

* * *

எஸ்டேட்டிலிருந்து
24.11.2024

அன்புள்ள மதினிக்கு,

ஒரு மாதமாகப் பதில் போடாததற்கு மன்னியுங்கள். முதல் வாரம் கோபத்தில் பையைத் திறக்கவே இல்லை. ஆனால் கிட்டாரைத் திருப்பி அனுப்பிய நாளிலிருந்தே வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்துகொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சாம்சனுக்குக்கூட, வயிறு சரியில்லை என்றுதான் சொன்னேன். ஆண்டவரே, எனக்குப் பெரிய கை வேண்டாம், இருக்கிற கை போதும்படி செய்யும் என்று ஒரே ஜெபம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையைத் திறந்தேன். விரல் வைத்தேன். மதினி, கம்பி படுத்தது. எஃப் கார்டு கண்ணாடி டம்ளர் தட்டின மாதிரிக் கேட்டது. நான் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி அழுதேன். அதே கைதான். அதே கிட்டார்தான். ஆனால் விரல் எட்டுகிறது. ஜக்கம்மாள் வந்து என் விரலை இழுத்துப் பார்த்து, "வளந்துதான் இருக்கு" என்றாள்.

இப்போது கீதப் பவனிப் பாட்டு ஆறும் வந்துவிட்டது. பாஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். டிசம்பர் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லச் சொன்னார். ஆண்டவர் என் கையைத் தொட்டார் என்று சபை முன்னால் சொல்லப் போகிறேன். கட்டைவிரலைப் பற்றி நீங்கள் எழுதியது உதவியது, அதையும் சொல்வேன்.

உங்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது. நீங்கள் அன்றைக்கு என் கையைத் தூக்கிக் காட்டியிருக்காவிட்டால் நான் உபவாசம் இருந்திருக்க மாட்டேன். அதற்காகவே ஆண்டவர் உங்களைப் பேச வைத்தாரோ என்னவோ.

ஷெர்லின்

* * *

போடிநாயக்கனூர்
5.12.2024

ஷெர்லின்,

இதை உட்கார்ந்து படி. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் உன் கையில் கொடுக்காமல் லோடு இறக்கக்கூடாது என்று பால்சாமியிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். உன் அண்ணன், "அவ சந்தோசமா இருக்கா. நீ எதுக்குப் போயி கொளத்தக் கலக்குற?" என்கிறார். எனக்கும் அப்படி இருந்துவிடத்தான் ஆசை. ஆனால் நீ சபை முன்னால் நின்று சொல்லப் போகிறாய். உனக்குத் தெரியாமல் சொல்கிறாய், அது உன்மேல் பாவமில்லை. தெரிந்து பேசாமல் இருக்கிறவள் நான். உன் வாயால் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தவள் நானாகிவிடுவேன்.

உன் கை வளரவில்லை. கிட்டாரின் கழுத்து வளைந்திருந்தது.

நீ திருப்பி அனுப்பியதும் சாக்கைப் பிரித்து நானும் கம்பியை அழுத்திப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குள் ஒரு நிம்மதி. கோளாறு நம் குடும்பத்துப் பெண்களின் கையில் என்று நினைத்தேன். ராத்திரி ஜோயல் பேசும்போது சொன்னேன். பலகை நேராக இருக்கிறதா என்று ஆசாரி ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாரே, அப்படிக் கழுத்தைப் பாருங்கள் என்றான். பார்த்தேன். வில் மாதிரி இருந்தது. கம்பிகள் கட்டையை விட்டு எழும்பி நின்றன.

தேனியில் ராம்பிரசாத் தம்பி அதைக் கையில் வாங்கியதுமே, "இது எங்கக்கா இருந்துச்சு?" என்று கேட்டார். வீட்டில்தான் என்றேன். "அது என்ன வீடு, அடுப்புக்குள்ள குடியிருக்கீங்களா?" என்றார். மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த வாசம் என்னைக் காட்டிக்கொடுத்தது. ஏலக்காய் உலர்த்துகிற சூட்டில் பசை இளகி, கம்பி இழுத்த இழுப்புக்கு மரம் வளைந்துகொடுத்திருக்கிறது. கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது. அதன் திருகை இறுக்கி நிமிர்த்தினார். என் கண் முன்னால்தான் செய்தார்.

கை சின்னதாக இருந்தால் வாசிக்க முடியாதா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சின்னக் கைன்னா சில எடத்துல எட்ட கொஞ்சம் செரமப்படணும், அவ்ளோதான். ரெண்டாங்கிளாஸ் பிள்ளைக எங்கிட்ட வாசிக்குது. ஆனா கழுத்து வளைஞ்சிட்டா பீமன் வந்தாலும் அமுக்க முடியாது."

ஸ்டோரில் மாட்டச் சொன்னது நான். ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்று வேறு எழுதினேன். நான் ஜெபித்தது உன் அண்ணன் முழங்காலுக்கு. கிட்டாரைப் பற்றி ஆண்டவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன், அவர் பேரைப் போட்டேன்.

அக்டோபரில் எழுதிய கடிதத்திலேயே இதைச் சொல்லியிருக்கலாம். சின்னச் சின்னக் கோளாறு என்று எழுதிவிட்டுக் கவரை ஒட்டினேன். நீ வாசிக்கத் தொடங்கிவிட்டால் தானாகச் சரியாகிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். நீ அதை ஆண்டவர் கணக்கில் எழுதுவாய் என்று நான் நினைக்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாவிட்டால் மற்றதைச் சொன்னதில் பிரயோசனமில்லை. கை சின்னதா என்று நீ கேட்டபோது, சின்னதுதான் என்று சொல்ல எனக்குப் பிடித்திருந்தது. சபையில் ஜோயல் வாசித்தபோதெல்லாம் ஜனங்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். இந்தக் குடும்பத்தில் அது அவனால் மட்டும்தான் முடியும் என்று இருந்தது. நீ நான்கு மாதத்தில் மலைமேல் தனியாக உட்கார்ந்து அதைப் படித்துவிட்டால், என் பிள்ளையின் விரலைப் பற்றி நர்ஸம்மா சொன்னதற்கு என்ன மதிப்பு? இப்படி ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது. அன்றைக்கு உன் கையைப் பிடித்துத் தூக்கியது அதுதான்.

சாட்சி சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். நீ இனி என்னோடு பேசாவிட்டாலும் உனக்கு நியாயம் இருக்கிறது. கிட்டாரை மட்டும் கீழே வைக்காதே. உன் கை போதும். ஜூனில் மூன்று கார்டு வந்தபோதே போதுமாகத்தான் இருந்தது.

ஜெயபாக்கியம்

* * *

எஸ்டேட்டிலிருந்து
10.12.2024

மதினிக்கு,

பால்சாமி அண்ணன் சனிக்கிழமை ஜீப்பை நிறுத்திய கையோடு, "இதைப் படிக்காம லோடு எறக்க மாட்டேன்" என்று நின்றார். மழையில் அரிசி மூட்டை நனைந்தது. நானும் வாசலில் நின்றபடியே படித்தேன்.

படித்துவிட்டுக் கடிதத்தை அடுப்பில் போட்டேன். சாம்சன் ஓடிவந்து எடுத்தார். ஓரம் கருகிவிட்டது, எழுத்து மட்டும் எல்லாம் இருக்கிறது. ஸ்டோரில் மாட்டிய தப்பில் தனக்கும் பங்கு உண்டு என்றார் அவர். ஆணி அடித்தவர் அவர்தானே.

ஞாயிற்றுக்கிழமை போகவே வேண்டாம் என்று இருந்தேன். அப்புறம் போனேன். பாஸ்டர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். எழுந்து நின்றேன். என் கை வளரவில்லை, முன்னே இருந்த கைதான், கிட்டார் சூட்டில் வளைந்திருந்தது, எங்கள் மதினி அதை நிமிர்த்திக் கொண்டுவந்தார்கள் என்று சொல்லிவிட்டு உட்காரப் போனேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. ஜக்கம்மாள் முதல் வரிசையிலிருந்து, "அப்ப அற்புதம் எங்க தாயி?" என்று கேட்டாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "எங்க மதினி தான் செஞ்சது தப்புன்னு கைப்பட எழுதிக் குடுத்திருக்காங்க. அவங்களைத் தெரிஞ்சவங்களைக் கேளுங்க, இதுக்கு மேல என்ன அற்புதம் வேணும்?" என்றேன். பாஸ்டரே சிரித்துவிட்டார். போடியில் உங்களைத் தெரிந்த இரண்டு பேர் அல்லேலூயா சொன்னார்கள்.

இப்போது நீங்கள் சிரிப்பீர்கள். சங்கத்தில் நான் சிரித்த மாதிரி. அது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாம் ஆறிவிட்டது என்று எழுத மாட்டேன். நான் கதவைச் சாத்தி அழுதேனே, அந்தச் சாயங்காலத்தை நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அன்றைக்கு ஆண்டவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் ஒரு திருகாணிதான் உட்கார்ந்திருக்கிறது. இதை எப்படி நேராக்குவது என்று தேனித் தம்பியிடம் கேட்க முடியாது. பாஸ்டரம்மா, உபவாசம் வீணாகாது என்கிறார்கள். இருக்கலாம். எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும்.

வளைந்த கழுத்தில் மாதக்கணக்கில் அழுத்தியதில் விரல் நுனி எல்லாம் காய்த்துவிட்டது. நேரான கழுத்தில் இப்போது அது ஓடுகிறது. இதற்கு நான் உங்களுக்கு நன்றி சொல்லப் போவதில்லை.

கீதப் பவனி இருபத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை. லயம் லயமாக ஏறி இறங்க வேண்டும். பாட்டுப் புத்தகத்துக்கு டார்ச் பிடிக்க ஓர் ஆள் தேவை. கை பெரிதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வருவதற்கு முன்னால் உங்கள் கையை வரைந்து அனுப்புங்கள். ஜக்கம்மாள் சல்லடையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

ஷெர்லின்

* * *

போடிநாயக்கனூர்
13.12.2024

அன்புள்ள ஷெர்லினுக்கு,

இருபத்தொன்றாம் தேதி முதல் ஜீப்பில் வருகிறேன். கேக் டப்பா, முறுக்கு, டார்ச், நான். பால்சாமியை நிறுத்தி எண்ணி வாங்கிக்கொள். உன் அண்ணனுக்கு முழங்கால் ஒத்துவராது, வரவில்லை. ஜோயலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிட்டார் அத்தையிடமே இருக்கட்டும் என்றான். நான் கேட்காமலே சொன்னான்.

அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நீ எழுதிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதை நான் திருப்பித் தர முடியாது. இனி உனக்கு எதையாவது ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதினால், உண்மையிலேயே ஜெபித்திருப்பேன். இவ்வளவுதான் என்னால் முடியும்.

கை வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். உன் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். ஆகஸ்டிலேயே வைத்துப் பார்த்திருக்க வேண்டும். என் சுண்டுவிரல் உன்னுடையதைவிடக் கட்டை, நடுவிரலும் எட்டவில்லை.

இரண்டு தாள் இருக்கும். முதலில் வரைந்தபோது பென்சிலை விரலை விட்டுக் கொஞ்சம் வெளியே சாய்த்துப் பிடித்தேன், கை பெரிதாக விழட்டும் என்று. முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. பிறகு பென்சிலை நேராகப் பிடித்து இன்னொன்று வரைந்தேன். முதல் தாளைக் கிழிக்கப் போய், கிழிக்காமல் அதையும் உள்ளேயே வைத்துவிட்டேன். ஜக்கம்மாளிடம் இரண்டையும் காட்டு.

உன் மதினி
ஜெயபாக்கியம்